செல்வராணி எதிலும் ஏறவில்லை

தேங்காய் விற்பவர் தட்டிக் காட்டலாம், துணி விற்பவர் விரித்துக் காட்டலாம். சுற்றுலாப் பேக்கேஜ் விற்பவளிடம் காட்டுவதற்குப் படம் போட்ட ஓர் அட்டையும் சொந்த வாயும்தான் இருக்கின்றன. பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில் இருக்கும் டூர் கடையில், இந்த இரண்டையும் வைத்து ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத பொருளை விற்றுப் பிழைக்கும் இன்ஷூரன்ஸ்காரர்களே, கல்யாணத் தரகர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கோயில் யாத்திரை என்றால் எங்கள் பஸ் தானாக நிரம்பும். கொழும்புப் பக்கம் இருக்கிற தீம் பார்க்குக்கு இரண்டு நாள் பயணம் என்பது நான் போட்ட திட்டம். அதற்கென்று கடை வாசலில் ஒரு போர்டும் மாட்டவைத்தேன். முதல் இரண்டு தடவையும் பாதி பஸ் காலி. "மூணாவது தடவையும் இப்படின்னா போர்டக் கழட்டிருவேன். அப்புறம் ஒனக்கு இங்க என்ன வேலைன்னு யோசிக்கணும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். அதனால் அவரை யோசிக்க விடாமல் நானே கிளம்பினேன்.

காசு கொடுத்துச் சிரிப்பவர்கள்

நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை பார்த்து, தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்து வாசலில் போய் நின்றேன். பேக்கேஜ் விற்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடம், லயத்தில் தனியாள் வாடிக்கையாளர் கிடையாது. ஒரு வீடு வந்தால் எல்லா வீடும் வரும். ஒரு வீடு முகத்தைச் சுளித்தால் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியதுதான். அந்த லயத்தில் முகம் சுளிக்கும் அதிகாரம் செல்வராணி அக்காவிடம் இருந்தது. கொழுந்தெடுக்கிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண்களின் சீட்டை வருடக்கணக்காக ஒரு சண்டை இல்லாமல் நடத்துகிறவர். அவர் வார்த்தை தோட்டத்தின் பக்கத்து டிவிஷன்வரை செல்லும்.

உள்ளே போக மட்டும் டிக்கட் எடுத்து, ஏறுகிற ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டலாம். அல்லது பஸ், தங்குமிடம், பகல் சாப்பாடு, எல்லா விளையாட்டும் சேர்ந்த பேக்கேஜ் எடுக்கலாம், அதுதான் லாபம் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அக்கா அட்டையைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, அதில் வாயெல்லாம் பல்லாக நின்ற குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவங்க காசு குடுத்துட்டுச் சிரிக்கிறாங்களா, காசு வாங்கிக்கிட்டுச் சிரிக்கிறாங்களா?" என்று கேட்டார். நான் அவசரமாக அட்டையைத் திருப்பி விலையைக் காட்டினேன். பிறகு அவரே இரக்கப்பட்டுத் தீர்ப்பை ஒத்திவைத்தார்: "சரி, இந்த லயம் வர்றோம். நல்லாருந்தா மத்த லயத்துக்கெல்லாம் நானே சொல்றேன். நல்லால்லன்னாலும் நாந்தான் சொல்லுவேன்."

பகல் சாப்பாடு உட்பட

முதல் நாள் பயணம், தங்கல் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்க் வாசலில் இறங்கினால், பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பெரிய சட்டி இறங்குகிறது. ஒன்றில் எலுமிச்சம்பழச் சோறு, மற்றதில் ரொட்டி. கூடவே, காய்ந்த மிளகாய் இடித்த கட்டச் சம்பல் ஒரு வாளி. தங்கின இடத்துச் சமையலறையை விடியற்காலையில் பிடித்துச் சமைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாமல்!

வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது என்று காவல்காரர் கையை விரித்தார். பகல் சாப்பாடு பேக்கேஜில் இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நான் கத்தினேன். யாரும் பதற்றப்படவில்லை. வாசல் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, நாற்பது பேரும் இரண்டு சட்டியையும் காலி செய்தார்கள். காவல்காரருக்கும் ஒரு தட்டு போனது. அவர் சம்பல் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். எனக்கும் ரொட்டி வந்தது. கோபத்தோடு சாப்பிட்டேன், ஆனால் நன்றாகச் சாப்பிட்டேன். தட்டை வாங்கிக்கொண்ட செல்வராணி அக்கா நிதானமாகச் சொன்னார்: "நீங்க பொய் சொல்லல மிஸ். ஆனா பகல் சாப்பாடு வாய்க்கு வர்ற வரைக்கும் அது வெறும் பேச்சுதானே?"

காப்பு கட்டியாயிற்று

எல்லா விளையாட்டுக்கும் உரிமை உண்டு என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் பட்டி கட்டுவார்கள். கழற்றினால் உரிமை போய்விடும். லயத்தில் மூத்தவர் மாரிமுத்து. தோட்டத்துத் திருவிழாவில் வருடா வருடம் காப்புக் கட்டிக் காவடி எடுக்கிறவர். பட்டி கட்டிய பெண்பிள்ளையிடம் வலது கையை நீட்டி, கட்டி முடிந்ததும் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தப் பிள்ளையும் என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டு வைத்தது.

பகல் சாப்பாட்டில் புரியாணி. எல்லோரும் கோழிக்காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மாரிமுத்து ஐயா மட்டும் இறைச்சியை ஓரமாக ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேக்கேஜில் பாதிப் பெறுமதி அந்தக் கோழிதான், விட முடியுமா? இது சாமிக் காப்பு இல்லை, வெறும் பிளாஸ்டிக், தாராளமாகச் சாப்பிடலாம் என்று விளக்கினேன். அவர் அண்ணாந்து, தலைக்கு மேலே கூச்சல் போட்டபடி சுற்றிக்கொண்டிருந்த ராட்டினத்தை ஒரு தடவை பார்த்தார். "பிளாஸ்டிக்குன்னு எனக்கும் தெரியும் மிஸ். ஆனா அதுல ஏறப் போறவன் எந்தச் சாமியையும் பகைச்சுக்கக் கூடாது."

அரைப் பேர்

செல்வராணி அக்காவின் வீட்டுக்காரர் கணேசன் மாரிமுத்து ஐயாவுக்கு நேர் எதிர். தனித்தனியாகக் காசு கட்டினால் எவ்வளவு, பேக்கேஜுக்கு எவ்வளவு என்று பஸ்ஸிலேயே விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஒன்பது விளையாட்டில் ஏறினால்தான் கட்டுப்படியாகும் என்று கண்டுபிடித்திருந்தார். அதிலிருந்து அவருக்கு அது உல்லாசப் பயணமாக இல்லை. ஒன்றில் இறங்கி அடுத்த வரிசைக்கு ஓடுகிறார், அங்கே இறங்கி அதற்கடுத்ததற்கு. ஏறும்போதும் சிரிக்கவில்லை, இறங்கும்போதும் சிரிக்கவில்லை. வியர்வையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

ஏழாவதில் சுழற்றிவிட்ட சுழற்றில் காலைச் சோறும் பகல் சோறும் சேர்ந்து வெளியே வந்துவிட்டன. வாய்க்கால் ஓரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, போதும் அண்ணே, உடம்பைப் பாருங்கள் என்றேன். தோட்டத்தில் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான். அதற்குப் பெயர் அரைப் பேர். அந்தப் பயம் மனிதரைப் பார்க்குக்குள்ளும் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது. பாதிச் சோடாவை வைத்துவிட்டு எழுந்தார். "இன்னும் ரெண்டுல ஏறலன்னா அரப் பேருதான் மிஸ்!"

சிமெந்துப் பெஞ்சு

என் உயிர் இதிலெல்லாம் இல்லை, செல்வராணி அக்காவிடம் இருந்தது. அவரோ காலையிலிருந்து எதிலும் ஏறவில்லை. தண்ணீர்ச் சறுக்குக்கு எதிரே, நிழலில் கிடந்த ஒரு சிமெந்துப் பெஞ்சில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பதினொரு மணிக்கு அழைத்தேன், "இருக்கட்டும் மிஸ்." ஒரு மணிக்கு அழைத்தேன், "நீங்க போங்க மிஸ்." மூன்று மணிக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. போர்டைக் கழற்றுகிற முதலாளி கண்முன்னால் வந்து நின்றார். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிருங்கக்கா. இப்படி ஒண்ணுலயும் ஏறாம உக்காந்தே என் பொழப்பக் கெடுக்காதீங்க!" என்று வெடித்துவிட்டேன். வாடிக்கையாளரிடம் இப்படிப் பேசக் கூடாது என்று எனக்கே தெரியும்.

அக்கா கோபப்படவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் உட்காரச் சொன்னார். எதிரே சறுக்கின் உச்சிக்குச் செங்குத்தாக ஒரு படிக்கட்டு. ஆட்கள் பெரிய பெரிய ரப்பர் வளையங்களைத் தலையிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். தொந்தி வைத்த ஐயாமார், கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாமார். நடுவழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்ட ஒருவரைப் பார்த்து அக்கா, "ஏறுங்க சேர், மேல ஏறுங்க" என்று மெதுவாக, அவருக்குக் கேட்காதபடி உற்சாகப்படுத்தினார். அப்படியே போனை எடுத்து ஒரு படமும் பிடித்தார். படம் எடுக்கலாமா என்று நான் தயங்கினேன். அக்காவுக்கு வந்த சிரிப்பில் தோள் குலுங்கியது. "நாங்க கூடையோட மலையேறயில ரோட்டுல வண்டிய நிப்பாட்டி எத்தன பேர் எடுத்துருப்பாங்க! இன்னிக்கு அவங்க ஏறட்டும், நா உக்காந்து பாக்குறேன்."

போர்டு

திரும்பி வந்த பஸ்ஸில் அக்கா நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. ஒரு வாரம், படியில் காலடி கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை, கடைப் படியேறி வந்து முதலாளியின் முன்னாலேயே, பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒரு தாளை வைத்தார். மூன்று லயத்துப் பெயர்கள், இரண்டு பஸ்ஸுக்கு ஆள். ஆனால் ஒரு நிபந்தனை: எதிலும் ஏறாதவர்களுக்குப் பட்டி இல்லாமல், விலை குறைத்து ஒரு பேக்கேஜ் வேண்டும். பஸ், சாப்பாடு, உட்கார இடம், போதும். அந்த வகையில் மட்டும் முப்பத்தொரு பெண்களின் பெயர் இருந்தது. எனக்கு அக்காவைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. முதலாளி இருந்ததால் தேத்தண்ணிக்குச் சொன்னேன்.

முதலாளிக்கு வியாபாரம் பிடித்தது, விஷயம் பிடிபடவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே கையைக் காட்டினார். "உக்கார்றதுக்கா அவ்வளவு தூரம் போறீங்க? இந்தா, பஸ் ஸ்டாண்டுல வரிசையா பெஞ்சு கெடக்கே!" அக்கா தேத்தண்ணியை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கெடக்குங்க மொதலாளி. ஆனா அதுல உக்காந்தா, வீட்டுல இருந்து கூப்புட்டா ஒடனே எந்திரிச்சுப் போகணுமே."

போர்டு இன்னும் அதே இடத்தில் தொங்குகிறது. அந்தச் சிமெந்துப் பெஞ்சுக்கும் டிக்கட் போடலாமே என்று பார்க்காரர்களுக்குத் தோன்றாதவரை என் வேலைக்கும் ஆபத்தில்லை.