கண்கட்டுடன் கொண்டுபோன தண்ணீர்

மலாயாவில் லிங்கி ஆற்றை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில், மரத்துப் பாலை உறைய வைக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட எங்கள் வேதக்கோயிலில் பாட்டு நடத்துவேன். குரல் நன்றாக இருக்கும். அது எனக்கும் தெரியும். ஜெபிக்கும்போது, இவருக்குச் சுகம் கொடும், இந்த மழையை நிறுத்தும் என்று ஆண்டவருக்கு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வேன்.

"ஜெபம் பண்றீங்களா, கங்காணி மாதிரி வேலை சொல்றீங்களா?" என்று என் மனைவி சிரிப்பாள்.

ஒருமுறை உபதேசியார் கேட்டார்: "ஆராதனை முடிஞ்சதும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்களேன். வியாதிக்காரங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல."

அந்த இடத்து வாடையே எனக்கு ஆகாது. "பாட்டுப் பழக்கணும் ஐயா" என்று தப்பித்துக்கொண்டேன். கேட்டது உபதேசியார் மட்டுமல்ல, ஆண்டவரும்தான் என்று உள்மனம் சொல்லியது. கேளாதவன்போல் இருந்துவிட்டேன்.

சில வாரங்களில், கொட்டகையில் பாலை உறைய வைக்கிற திராவக ஜாடியைச் சாய்க்கும்போது கை வழுக்கி முகமெல்லாம் தெறித்தது. தண்ணீரை வாரி வாரி ஊற்றினார்கள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் இரண்டு கண்ணுக்கும் மருந்து வைத்துக் கட்டி, அதே ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்தார்.

"கட்டு அவிழ்க்க ஒரு மாசம் ஆகும். பார்வை எப்படின்னு அப்பத்தான் சொல்ல முடியும்."

எரிச்சல் தாங்காமல் துடித்தேன். உமக்குப் பாடுகிறவனுக்கு இதுதானா என்று ஆண்டவரோடு சண்டை பிடித்தேன். மத்தியானம் மனைவி வந்து கையைப் பிடித்து நடத்துவாள். "படி இருக்கு, காலைத் தூக்குங்க. இப்பக் குனிங்க." முதல் நாள் குனியவில்லை, வாசல் நிலையில் தலை இடித்தது. மறுநாளிலிருந்து அவள் சொன்னபடியெல்லாம் நடந்தேன்.

ஒரு பிற்பகல், பக்கத்துக் கட்டிலில் காய்ச்சல்காரர் ஒருவர் தண்ணீர், தண்ணீர் என்று முனகினார். குரலை வைத்துக் கிழவர் என்று நினைத்தேன். வேலையாள் அருகில் இல்லை. கண் தெரியாத நான் என்ன செய்வேன் என்று படுத்திருந்தேன். எழுந்திரு என்று உள்ளே அதே உறுத்தல். இந்த முறை சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எழுந்தேன்.

சுவரைத் தடவிப் போய்ப் பானையில் ஒரு மங்குக் கிண்ணம் தண்ணீர் மொண்டேன். "கண்ணு கட்டியிருக்குங்க. நீங்கதான் வழி சொல்லணும்" என்றேன்.

"நேரா வாங்க... இன்னும் கொஞ்சம்... ஐயையோ, அது என் காலு!"

பாதித் தண்ணீர் அவர் நெஞ்சில் கொட்டியது. ஐயோ என்று கத்தியவர், அடுத்த கணம் இருமலுக்கு நடுவே சிரித்தார். மீதியைக் குடித்தார். எதிர்க் கட்டிலிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, எனக்கும். ஆனா வாயில ஊத்துங்க!" எல்லாருமாக எனக்கு வழி சொல்ல, அன்று அந்த வார்டு முழுவதற்கும் நான்தான் தண்ணீர்க்காரன்.

நம் ஆண்டவரும் பாடுகளின் ஊடேதான் பிதாவுக்குக் கீழ்ப்படிந்தார் என்று உபதேசியார் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அன்றிரவு ஜெபத்தில், "நான் என்ன செய்யட்டும், ஆண்டவரே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். கண் எரிந்துகொண்டுதான் இருந்தது. மனசு மட்டும் லேசாகிவிட்டது.

கட்டை அவிழ்த்தபோது வலது கண் நன்றாகத் தெரிந்தது. இடது கண்ணில் புகை மூட்டம். அது இன்றுவரை விலகவில்லை. மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கிழவர் என்று நினைத்தவர் என்னைவிட இளையவர்!

அதற்குப்பின் ஞாயிறு வந்தால் எனக்குக் கால் தரையில் நிற்காது. ஆராதனை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிதான். குணமாகித் தன் லயத்து வீட்டுக்குத் திரும்பிய அந்த நண்பரும், நெற்றி நிறைய திருநீறோடு, கிணற்றுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசிவிட்டு, பசியோடு இருவரும் எங்கள் வீட்டுக்கு வருவோம். மரவள்ளிக்கிழங்கை அவித்து, நெத்திலிச் சம்பலோடு வைத்திருப்பாள் மனைவி. அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.