சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்கள்

கோச்சடையில் வைகைக் கரையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் பீமாராவ் வருடக்கணக்காகப் பேப்பர் கப் செய்துவந்தார். தாளைச் சுருட்டி, ஒட்டி, அடியைப் பொருத்தித் தள்ளும் ஒற்றை மெஷின். காலையில் ஓடத் தொடங்கினால் சாயங்காலம்வரை டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். மதியம் சற்றுக் கண்ணயர்ந்தால்கூட, அந்தச் சத்தம் நின்றால்தான் அவருக்கு முழிப்பு வரும் என்று மனைவி சரண்யாதேவி கேலி செய்வாள்.

இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில மெஷின் ஓட்டிப் பழகுனேன்" என்பார். அது பாதிதான். மீதியை வெளியில் சொல்வதில்லை. திருவாதவூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் அவருடைய அப்பா சின்னக்கருப்பன் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழுதவர். அந்த ஊர் டீக்கடையில் அவர்கள் தெரு ஆட்களுக்கென்று கூரைக் கம்பில் இரண்டு அலுமினிய டம்ளர் தொங்கும். அவர்களே எடுக்க வேண்டும். கடைக்காரர் கை படாமல் மேலிருந்து ஊற்றுவார். தரையில் குத்தவைத்துக் குடித்து, அவர்களே கழுவி, மறுபடி மாட்ட வேண்டும். பீமாராவ் எட்டாவது படித்த வருடம் அந்தக் கடைக்குத் தூக்கிப் போடுகிற கப் வந்தது. எல்லோருக்கும் ஒரே கப். அன்றைக்குச் சின்னக்கருப்பன் நின்றுகொண்டே டீ குடித்தார். கடைக்காரர் மனம் மாறி வாங்கினாரா, யாராவது புகார் கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து வாங்கினாரா, கழுவ ஆள் கிடைக்காமல் வாங்கினாரா, யாருக்கும் தெரியாது. ஆனால் அப்பா நின்றது பீமாராவுக்குத் தெரியும். மெஷினிலிருந்து விழுகிற ஒவ்வொரு கப்பும் அவருக்கு அந்தக் கப்தான்.

அப்புறம் தடை வந்தது. கப்புக்கு உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக், மண்ணில் மக்காது என்றார்கள். ஒரு காலையில் மாநகராட்சி ஆட்கள் வந்து மூட்டை மூட்டையாகக் கப்பை வண்டியில் ஏற்றினார்கள். பீமாராவ் எதிரே இருந்த பெட்டிக்கடையைப் பார்த்தபடி நின்றார். சிப்ஸும் ஷாம்புவும் பளபளவென்று சரம் சரமாகத் தொங்கின.

"சார், அதெல்லாம் மக்குமா?"

"அது வேற ரூல்ஸுங்க" என்றார் வந்தவர், கோபமில்லாமல்.

பூச்சில்லாத தாளில் செய்து பார்த்தார். டீ ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அடி நனைந்து ஒழுகியது. மக்கும் பூச்சு என்று ஒருவர் விற்ற தாளை வாங்கினார். அதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். எங்கே வாங்குவது என்று விசாரித்தால் ஆளுக்கொரு ஆபீஸைக் காட்டினார்கள். மெஷின் வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு ஒரு நாள், பிறகு நின்றே போனது.

அந்தச் சமயத்தில்தான் சிறுதொழில் செய்பவர்களுக்கான ஒரு கூட்டத்தில் கனகலட்சுமியைப் பார்த்தார். பயிற்சி கொடுக்கிற ஓர் அமைப்பில் வேலை பார்க்கும் சின்ன வயதுப் பெண். போன பொருள் போனதாகவே இருக்கக்கூடாது, திரும்பி வரவேண்டும், மறுபடி போகவேண்டும், அதுதான் சுழற்சிப் பொருளாதாரம் என்று மேடையில் பேசினாள். கூட்டம் முடிந்ததும் இவரிடம் வந்தாள்.

"அண்ணே, நீங்க கப் விக்கிறவர்னு ஏன் நெனைக்கிறீங்க? டீ குடிக்க ஒரு பாத்திரம் குடுக்குறவரு, அம்புட்டுதான். அது எவர்சில்வர் டம்ளரா இருக்கட்டும். காலையில கேன்டீனுக்குக் குடுங்க, சாயங்காலம் எடுத்துட்டு வந்து கழுவி மறுநாள் குடுங்க."

"எச்சி டம்ளர் கழுவச் சொல்றீங்களா?"

குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று அவருக்கே புரியவில்லை. கனகலட்சுமியின் முகம் சுருங்கிப்போனது. "தப்பாச் சொல்லிட்டேனாண்ணே?" இல்லை என்று தலையாட்டினார்.

வீட்டில் சொன்னபோது சரண்யாதேவி ஆச்சரியப்பட்டாள். "மெஷினு கழுவப் போகுது. நீங்களா கழுவப் போறீங்க?"

"அதில்ல சரண்யா."

"பெறகு எது?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மறுநாள் அப்பாவுக்குப் போன் செய்தார்.

"டம்ளரு வாடகைக்குக் குடுக்குற தொழில் பண்ணலாமான்னு பாக்குறேன்ப்பா."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

"ஒரே டம்ளரா?"

"ஒரே மாதிரிதான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கழுவும்."

"எனக்கு என்னய்யா தெரியும்" என்றார் சின்னக்கருப்பன். "இங்கிட்டு மழையே காணோம்."

இரண்டு வாரம் பீமாராவ் நாளுக்கொரு பேச்சுப் பேசினார். கனகலட்சுமி அதற்குள் ஓடியாடி இரண்டு காரியம் செய்திருந்தாள். கழுவும் மெஷினை ஒரு கம்பெனி நான்கு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும், பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும். கப்பலூர்ப் பக்கம் ஒரு தையல் ஆலையின் கேன்டீன் ஒரு வருடத்துக்கு டம்ளர் எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துப் போடும். சரண்யாதேவி இரண்டாவதைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வருசத்துக்கு எழுதிக் குடுக்குறாய்ங்கள்ல? இன்னும் என்ன யோசனை?"

பீமாராவ் சரி என்றார். கழுவும் மெஷின் வந்தது. டம்ளரைத் தட்டில் கவிழ்த்து உள்ளே தள்ளினால் வெந்நீரில் அலசப்பட்டு, சூடான காற்றில் காய்ந்து வெளியே வரும். கடைசி அலசல் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து மறுநாள் முதல் கழுவலுக்கு விட்டார்கள். சரண்யாதேவிக்கு அந்த வேலை உடனே பிடித்துவிட்டது. பீமாராவும் பழகிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் அவள்தான் கண்டுபிடித்தாள். "ஏங்க, இதப் பாருங்க." எட்டு டம்ளரின் அடியில் சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு.

மறுநாள் கேன்டீன் மேனேஜர் ராம்கியிடம் கேட்டார். நல்ல பையன். இவர் போனாலே காபி சொல்லுவான்.

"அதாண்ணே, ஹவுஸ்கீப்பிங் ஆளுகளுக்கு. பாத்ரூம் கழுவுற கையில்ல? ஒரு சுத்தத்துக்குத்தான், வேற ஒண்ணுமில்ல."

"எங்கிட்ட வந்தா எல்லாமே ஒரே தண்ணிலதான தம்பி வேகுது?"

"எனக்குத் தெரியுதுண்ணே. மத்தவங்க கேக்குறாய்ங்கள்ல."

அவன் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. உண்மையிலேயே சுத்தத்துக்குத்தானோ? அல்லது அந்த டீக்கடைக்காரரும் இப்படித்தான் சொல்லியிருப்பாரோ? வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது பீமாராவுக்கு ஒரே குழப்பமாக இருந்தது. அன்று சரண்யாதேவி பெயின்ட் அழிக்கிற தின்னர் தொட்டு எட்டுப் பொட்டையும் துடைத்தாள். டம்ளர்கள் கலந்து போயின. நான்கு நாள் கழித்துப் பொட்டோடு வந்தன. துடைத்தாள். மறுபடி வந்தன.

"பொட்டு வச்ச டம்ளர இனிமே எடுக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தார் பீமாராவ்.

பொட்டு நின்றது. மறுவாரம் கேன்டீனுக்குப் பின்பக்கம் போனபோது ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தடைக்குப் பிறகும் எங்கிருந்தோ வாங்கிய பூப்போட்ட கப், அவர் மெஷின் துப்பிய மாதிரியே இருந்தது. ஒச்சம்மாள் என்கிற நடுவயது அம்மாவின் அருகில் போய் நின்றார்.

"உங்களுக்கு எது வசதிக்கா? இதா, டம்ளரா?"

"இதான் தம்பி. யாரு வாய் வச்சதோன்னு நெனைக்க வேணாம்ல" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொட்டு வச்சத மட்டும் மறுபடி குடுக்க விட்றாதப்பா."

எல்லோருக்கும் டம்ளர் கொடு என்று இவர் சண்டை பிடிக்க நினைத்திருந்தார். அவளோ பேப்பர் கப்பே போதும் என்கிறாள். யாருக்காகச் சண்டை? இருந்தும் உள்ளே போய் ராம்கியிடம் சொன்னார். "எல்லாருக்கும் டம்ளர் குடு. இல்லாட்டி யாருக்கும் வேணாம், நான் எடுத்துட்டுப் போறேன்." சொல்லி முடித்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தார். கையில் இருந்தது அந்த ஒரே ஆலைதான். வீட்டில் சரண்யாதேவி கேட்டுவிட்டுச் சோறு போட்டாள்.

மூன்றாம் நாள் ராம்கி போன் செய்தான். "வாங்கண்ணே. எல்லாருக்கும் டம்ளர்தான்."

பீமாராவுக்கு மனம் குளிர்ந்தது. போய்ப் பார்த்தால் கேன்டீன் வாசலில் ஒரு தராசு. துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் வந்திருந்தார். குப்பைத்தொட்டியை எடை போட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"பேப்பர் கப் ஒண்ணு கெடந்தாக்கூட ஆலைக்கு மார்க்கக் கொறைக்கிறாய்ங்கண்ணே" என்றான் ராம்கி.

"அப்ப நான் சொன்னதால இல்லையா?"

"நீங்க சொன்னதும்தாண்ணே" என்று சிரித்தான். அது மரியாதைக்குச் சொன்னதா, நிஜமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த வருடக் கடைசியில் கனகலட்சுமி ஒரு படிவத்தோடு கொட்டகைக்கு வந்தாள். உங்கள் தொழிலைச் சூழலுக்கு உகந்ததாக மாற்ற எது அதிகம் உதவியது? சட்டம், கடன் வசதி, பயிற்சி, உறுதியான வாடிக்கையாளர், சொந்த விருப்பம். பீமாராவ் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. அது போகாவிட்டால் இங்கே வந்திருக்க மாட்டார். பயிற்சியில் கோபம்தான் வந்தது. விருப்பம் என்று ஒன்று எப்போது வந்தது என்றே நினைவில்லை.

"எல்லாத்துலயும் டிக் போடலாமாம்மா?"

"ஒண்ணுலதாண்ணே போடணும். கம்ப்யூட்டர் எடுத்துக்காது."

"ஒரு வருசத்துக்கு எழுதிக் குடுத்தாய்ங்கள்ல, அதுல போடுங்க" என்றாள் சரண்யாதேவி, தட்டில் டம்ளரை அடுக்கிக்கொண்டே. போட்டார். படிவத்தைக் கொடுத்த பிறகும் தப்பான விடை எழுதிவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

இப்போது நான்கு இடங்களுக்கு டம்ளர் போகிறது. போன மாதம் கப்பலூரில் தட்டுகளை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஒச்சம்மாள் முந்தானையால் டம்ளரைச் சுற்றிப் பிடித்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சுடுது தம்பி. பேப்பர் கப்புல இம்புட்டு சூடு தெரியாது."

பீமாராவ் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். விரல் பொத்துப்போகிற சூடு. இத்தனை மாதத்தில் இதை யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

"வாய் அகலமா வெளிம்பு வச்ச டம்ளர் இருக்குக்கா. பாத்துக் கொண்டு வாரேன்."

அன்று மத்தியானமே டவுனில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஆறு தினுசை எடுத்து மேசையில் பரப்பினார். பீமாராவ் ஒவ்வொன்றையும் விளிம்பில் பிடித்துத் தூக்கினார், அடியில் தட்டினார், ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிறதா என்று அடுக்கிப் பார்த்தார்.

"எத்தனை வேணும்ணே?"

"மொதல்ல ஒவ்வொண்ணுலயும் சூடா டீ ஊத்திப் பாக்கணும்" என்றார் பீமாராவ்.

கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் கையைத் தூக்கி, ஆறு டீ என்று சொன்னார்.