முள்ளெலிக் கூட்டையும் துடைத்தவள்

புத்தாண்டுக்கு முன் வீட்டைச் சந்துபொந்து விடாமல் துடைப்பது ஜப்பானின் கனசாவாவில் எல்லார் வீட்டிலும் உண்டு. விடுதி அறைகளைத் துடைத்தே இருபது வருடம் சோறு தின்ற ஹிசாயேவுக்கு அது வெறி. முந்தின நாள்தான் ஐந்து குட்டி ஈன்ற தன் வளர்ப்பு முள்ளெலியின் கூட்டையும் அவள் விட்டுவைக்கவில்லை. குட்டிகளைக் கையில் எடுத்து, நாறிய துணியை மாற்றித் திரும்ப வைத்தாள்.

சற்று நேரத்தில் கூட்டுக்குள் மெல்லும் சத்தம். தாய், கடைசிக் குட்டியைத் தின்றுகொண்டிருந்தது.

"ஐயோ, விடுடி! உன் புள்ளடி அது!"

இணை சேர்க்க ஆண் முள்ளெலியைக் கொடுத்த தோழி காயோவுக்குப் போன் போட்டுக் கதறினாள்.

"மனுச வாடை பட்டா தாயே தின்னுடும், பத்து நாளைக்குக் கிட்டயே போகாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதவளுக்கு எதுக்குடி குட்டி?"

"அழுக்கோட எப்படிடி வருசத்தத் தொடங்குறது?"

ஹிசாயேவின் விரல்களில் இன்னும் சோப்பு மணத்தது. கூடு பளிச்சென்று காலியாக இருந்தது.