டாக்டர் இருதயநாதன் எழுதிய மனு

1988இல் திருச்சி டாக்டர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் குளிர் கண்டது. நுகர்வோர் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, ஃபேன் ஓடாவிட்டால் கடைக்காரன் மேல் கேஸ் போடுவது போல உடம்பு தேறாவிட்டால் டாக்டர் மேலும் போடலாமாம் என்று பேச்சு. சங்கத்தைக் கூட்டினார்கள். வடை, காபி சாப்பிட்டார்கள். டாக்டர்களைக் காப்பாற்ற ஒரு தனிச் சட்டம் கேட்டு மனு எழுதும் வேலையை மேலப்புதூர் டாக்டர் இருதயநாதன் தலையில் கட்டினார்கள்.

கட்டினார்கள் என்பது பொய். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பது வருஷமாகக் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த மனுஷன், ராத்தூக்கம் கெட்டு மூன்று கோரிக்கைகள் எழுதினார். டாக்டர்கள் குழு விசாரிக்காமல் எந்தக் கேஸும் கோர்ட்டுக்குப் போகக் கூடாது. பொய்ப் புகார் கொடுத்தால் அபராதம். சிகிச்சை முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டால் புகாரே கூடாது. இந்த மூன்றாவது எதற்கு என்று மற்றவர்கள் கேட்டதற்கு, அது இல்லாவிட்டால் மனுவே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

காரணம் உப்பிலியபுரத்தில் கடலைக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தது. பெயர் பவுனம்மாள். 1971இல் காசநோய் என்று வந்தவளுக்கு டாக்டர் தினமும் ஊசி போட்டார். மூன்றாவது வாரம், "காதுக்குள்ள வண்டு கத்துதுங்க" என்றாள். அந்த ஊசிக்கு அதுதான் ஆபத்தின் அடையாளம் என்பது அவர் படித்ததுதான். அன்றைக்குக் கூட்டம் அதிகம். "சத்துக்குறைவும்மா" என்று டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் ஊசி போட்டார். நோய் போயிற்று. இடது காது முழுசாகவும் வலது காது முக்காலும் கூடவே போயின. அன்றிலிருந்து அவளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. விஷயத்தைச் சொல்லவுமில்லை.

டாக்டர்கள் கையெழுத்தோடு பொதுமக்கள் கையெழுத்தும் இருந்தால் மனுவுக்கு எடுப்பாக இருக்கும் என்று சங்கம் முடிவு செய்தது. கம்பவுண்டர் லூர்து அதை டோக்கனோடு சேர்த்துவிட்டார். கையெழுத்துப் போட்டால்தான் டோக்கன். எதற்கு என்று கேட்டவர்களுக்கு மனுவின் மூன்று பக்கத்தையும் விளக்க அவருக்கு ஏது பொறுமை?

"டாக்டரைக் கேஸ்லேர்ந்து காப்பாத்தறதுக்கு. போடுங்க சீக்கிரம்!"

அவ்வளவுதான். டாக்டர் மேல் கேஸ் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சகாயம்மாள் டீச்சர் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். பிச்சமுத்து சமயபுரத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டார். ஸ்ரீரங்கத்திலிருந்து ரெங்கராஜ் துளசிப் பிரசாதத்தோடு வந்து, "பெருமாள் கைவிட மாட்டார் சார். ஆமா, போனது ஒரு உயிரா, ரெண்டா?" என்று காதோடு கேட்டார். டாக்டருக்கு வந்த கோபத்தில் ரெங்கராஜின் ரத்த அழுத்தத்தை இரண்டு முறை தப்பாகப் பார்த்தார்.

மனு கொடுக்கும் நாள். கண்டோன்மென்ட்டில் ஒரு ஹால். மெட்ராஸிலிருந்து சட்டத்துறை அதிகாரி ஒருவர் வந்து மேடையில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் மனுவை வாசித்து அவர் கையில் கொடுத்து நிமிர்ந்தால், வாசலில் பவுனம்மாள். உப்பிலியபுரம் பஸ் வரைக்கும் செய்தி போயிருக்கிறது. பதினேழு வருஷமாகப் பயந்தது படியேறி வருகிறது.

அவள் நேராக அதிகாரியிடம் போனாள். காது கேளாதவர்களுக்கே உரிய குரல், மைக் தேவைப்படவில்லை.

"ஐயா, இவரு போட்ட ஊசியிலதான் என் காது போச்சு. அப்பவே பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. நான் கேஸ் போட்டேனா? உசுரைக் காப்பாத்தின மனுசன். அவரை விட்ருங்க!"

சங்கத் தலைவர் தன் செருப்பைப் பார்த்தார். பவுனம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு குறைதாங்க. தப்பாப் போச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்வீங்கன்னு ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வருவேன். டானிக்கு எழுதிக் குடுத்து அனுப்பிடுவீங்க."

"தப்பு என்னோடதும்மா" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"என்னங்க?"

"தப்பு என்னோடதும்மா!"

"கேக்கலீங்க!"

வேறு வழியில்லை. அவளுடைய வலது காதில் வாயை வைத்து, கண்டோன்மென்ட் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். அவள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதிகாரி கையிலிருந்த காகிதத்தைக் காட்டி, "தப்பு நடந்தா நோயாளிகிட்ட சொல்லணும்னு அதுல எழுதியிருக்கீங்கள்ல?" என்றாள்.

அதிகாரி மூன்று பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மனுவைத் திரும்ப வாங்கி, பேனாவைத் திறந்து, மூன்றாவது கோரிக்கையை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவள் சொன்னதை எழுதினார். அதற்குள் ஏழெட்டு டாக்டர்கள், தங்கள் கையெழுத்தையும் சேர்த்து அடித்துவிடும்படி சொல்லிக்கொண்டே மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.