பள்ளிக்கூடத்தில் பெரட்டு

1952 ஜனவரியில், மலாயாவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தபோது கோமளாவுக்கு வயது இருபது. அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தங்கைகளும் அவள் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். அதே மாதம்தான் தங்கையாவும் அங்கே தலைமையாசிரியராக வந்தார்.

தங்கையா, தோட்டத்து ஆட்களை மேய்க்கும் மண்டோர் ஒருவரின் மகன். விடியுமுன் தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டைப் பார்த்து வளர்ந்தவர். ஒழுங்கு என்றால் அவருக்கு அதுதான். பள்ளியிலும் பெரட்டு வைத்தார். ஏழரை மணிக்குப் பிள்ளைகள் ஒருபுறம், ஆசிரியர்கள் மூவரும் எதிரே. கூப்பிடும்போது நிற்காத ஆசிரியருக்கு அன்று பேர் விழாது. நாள் முழுக்கப் பாடம் நடத்தினாலும் சம்பளம் கிடையாது. அவர் கேட்டாலொழிய யாரும் காரணம் சொல்லக் கூடாது. அவர் கேட்பதில்லை.

பலன் இல்லாமல் இல்லை. மட்டம் போடும் பிள்ளைகள் குறைந்தார்கள். தோட்டத்து மானேஜர் துரை மெச்சினார். ஆனால் ஆசிரியர்களுக்குள் பேச்சு நின்றது. முன்பெல்லாம் கணக்கில் ஜானகி தடுமாறினால் மூத்தவர் பெரியதம்பி வந்து கைகொடுப்பாராம். இப்போது அவரவர் வகுப்பு, அவரவர் பாடு. பிள்ளைகளோ இடைவேளையில் பெரட்டு விளையாடினார்கள்.

"ஒனக்கு இன்னிக்குப் பேர் இல்ல, ஓடு!"

"ஐயா, பஸ்சு வந்து..."

"கேட்டனா நானு? வாய மூடு!"

மற்ற இருவரும் தோட்டத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள்; கோமளா டவுனிலிருந்து பஸ்ஸில் வருபவள். காட்டிலிருந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை. பெண்களைச் சோதிக்க முத்தாயி ஒருத்திதான். பின்கேட்டில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் பெண்களை அனுப்பிவிட்டுத்தான் அவள் முன்கேட்டுக்கு வருவாள். அதுவரை கோமளா வெளியே நிற்க வேண்டும்.

மார்ச்சுக்குள் இரண்டு முறை அவளுக்குப் பேர் விழவில்லை. இன்னொரு முறை என்றால் துரையிடம் சொல்லி வேறு ஆள் போட்டுக்கொள்வதாகத் தங்கையா சொல்லிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமையும் முத்தாயி தாமதமாகத்தான் வந்தாள். கம்பிக்கு உள்ளே பெரியதம்பியும் ஜானகியும் நிற்பதைக் கோமளா அப்போதுதான் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க ஏன் இங்க? பெரட்டுக்கு நேரமாச்சு!"

"தெரியும்லா. நீ வராம நாங்க ரெண்டு பேரு மட்டும் அங்க கொடிமரமாட்டம் நிக்கணுமா?"

கோமளாவைச் சோதித்துக்கொண்டிருந்த முத்தாயி கையை எடுத்துவிட்டாள். "என்ன இது, ஸ்ட்ரைக்கா? போலீசு காதுல விழுந்தா என்னையும் சேத்துல்ல அள்ளுவான்!"

"நீங்க சட்டுனு பாத்து விடுங்கக்கா. வம்பு எங்களோட போகட்டும்" என்றாள் ஜானகி.

மூவரும் பள்ளி வாசலை நெருங்கியபோது தங்கையாவின் குரல் கேட்டது. "பெரியதம்பி!" பதில் இல்லை. "ஜானகி!" இல்லை. "கோமளா!" பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையின் குரல், விளையாட்டுப் பழக்கத்தில், கணீரென்று வந்தது: "பேர் இல்ல!"

மொத்தப் பள்ளியும் சிரித்தது. திரும்பிய தங்கையா மூவரையும் பார்த்தார். கோமளாவுக்கு அம்மாவிடம் என்ன சொல்வது என்ற ஒரே நினைப்புத்தான். பெரியதம்பி முதன்முறையாகத் தங்கையா கேட்காமலே பேசினார்.

"கேட்டுல பொம்பளைங்களுக்கு ஒரே ஆளுதாங்க ஐயா. இந்தப் புள்ள முதல் பஸ்சுக்கே வந்து காத்துக் கெடக்குது."

"இத ஏன்யா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கலைங்களே" என்றாள் ஜானகி.

தங்கையா துரையின் பங்களா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். ஆசிரியர்கள் பெரட்டுக்கு நிற்கவில்லை என்று அங்கே சொன்னால் அந்த அவசரகாலச் சட்ட நாட்களில் அது வேலைநிறுத்தம். விசாரணைக்குப் போலீஸ் வரும். முதல் கேள்வி அவரிடம்தான்.

"வகுப்புக்குப் போங்க" என்றார்.

மறுவாரம் முதல் பள்ளி மணி எட்டுக்கு அடித்தது. பிள்ளைகளுக்குப் பெரட்டு தொடர்ந்தது. ஆசிரியர்கள் அதில் நிற்கவில்லை. ஆண்டு முடிவில் தங்கையா மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கோமளா அந்தப் பள்ளியில் மேலும் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தாள்.