நமத்துப்போன திரி

அந்தப் பீரங்கி முழங்கால் உயரம்கூட இராது. இரண்டு மரச் சக்கரங்களின் மேல், வாயைச் சற்றே தூக்கிக்கொண்டு, அர்பாபின் தோட்டத்து வாசலில் நிற்கிறது. அர்பாப் என்றால் எங்கள் முதலாளி. வருகிறவர்கள் பொம்மை என்று நினைத்துத் தட்டிப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் அதன் வாய்க்கு நேரே நடந்து போக மனம் வராது. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் சுற்றிக்கொண்டுதான் போவேன். இந்தப் புத்தி அண்ணாச்சி எனக்குள் ஏற்றிவிட்டுப் போனது.

அண்ணாச்சி எங்கள் சார்ஜா வொர்க்‌ஷாப்பின் ஃபோர்மேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கட்டையான உடம்பு, எப்போதும் சிரிக்கத் தயாராக இருக்கும் முகம், காது கிழிகிற குரல். நான் அதே வொர்க்‌ஷாப்பில் வெல்டிங் பரிசோதகன். அவர் செய்வதை எல்லாம் குறை சொல்வதுதான் எனக்குச் சம்பளம் என்று அவர் சொல்வார். "வாரும்வே இன்ஸ்பெக்டரே, இன்னைக்கு எதுல ஓட்டை கண்டுபிடிக்கப் போறீரு?" என்பதுதான் எனக்குக் கிடைக்கும் காலை வணக்கம். நானும் சும்மா இருக்க மாட்டேன். "நீங்க போட்டு வச்சிருக்கிற ஓட்டையத்தான் அண்ணாச்சி" என்பேன். வாய்ச்சண்டை இல்லாத நாள் எங்களுக்கு லீவு நாள் மாதிரி வெறிச்சென்று இருக்கும்.

அர்பாபின் தகப்பனாரை நாங்கள் பெரியவர் என்போம். இளவயதில், நோன்பு துறக்கும் நேரத்தை ஊருக்கு அறிவிக்கும் பீரங்கியைச் சுட்டவர் அவர். கண் மங்கிய பிறகு, ஒரு ரமலானிலாவது தன் தோட்டத்தில் தன் கையால் சுட வேண்டும் என்று பிள்ளையாக அடம்பிடித்தார். அனுமதியும் வெடிமருந்தும் தன் பொறுப்பு, பீரங்கி உங்கள் பொறுப்பு என்று அர்பாப் சொல்லிவிட்டார். குண்டெல்லாம் கிடையாது, சத்தம் மட்டும்தான். அண்ணாச்சிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கழிவுக் குவியலில் இருந்து ஒரு குழாயை இழுத்து வந்தார், ஒரு முனையைத் தகடு வைத்து அடைத்து வெல்டிங் செய்தார், நாங்கள் எல்லாக் குழாய்க்கும் செய்கிற மாதிரியே தண்ணீரை நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. "ஹைட்ரோ டெஸ்ட் பாஸ்!" என்று வொர்க்‌ஷாப் முழுக்கக் கேட்கக் கூவினார்.

குழாய் வேலை செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. தண்ணீர் தாங்கினால் எதையும் தாங்கும் என்று எங்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. தண்ணீர் மெதுவாகத் தள்ளுகிறது, மருந்து சம்மட்டியாக அடிக்கிறது, இரண்டும் ஒன்றா? நான் வெல்டிங்கின் மேல் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பூச்சு அடித்தேன். தகடு ஒட்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு மேலே வந்தது. உள்ளே விரிசல் இருக்கிறது, முடியாது என்றேன். "என் வெல்டிங்கையா?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு வாரக்கணக்கில் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் வேண்டும் என்றால்கூட அடுத்தவனிடம் சொல்லித்தான் கேட்டார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்ட என்னால் முடியாது.

ஒரு நாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வேறொரு பீரங்கி நின்றது. ஒட்டு இல்லை, மூடி இல்லை. ஒரே முழு இரும்பை லேத்தில் கொடுத்து நடுவில் குடைந்து எடுத்திருந்தார். அடிப்பகுதி யானைக்கால் தடிமன். பக்கத்தில் பழைய குழாய் இரண்டு துண்டாக வெட்டிக் கிடந்தது. "இதுல தடவும்வே உம்ம குங்குமத்த" என்றார். தடவினேன். வெள்ளையில் ஒரு புள்ளிகூட எழும்பவில்லை. அப்போதும் நான் விடவில்லை. ஆளில்லாத மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய், மருந்துக்குப் பொறுப்பானவர் வந்து போட, எல்லோரும் லாரிக்கு அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டு, முதலில் கொஞ்சமாகவும் பிறகு சற்றுக் கூட்டியும் வெடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மறுபடி சாயம் தடவினேன். அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பிடித்துக் கொடுத்தார். "பொண்ணு பாக்கப் போனாகூட இவ்வளவு பாக்க மாட்டானுக" என்றார்.

முதல் நோன்பு நாள். தோட்டத்தில் பாய் விரித்து, பேரீச்சம்பழமும் மோரும் வைத்துக் குடும்பமே காத்திருந்தது. அண்ணாச்சியும் அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெரியவர் பட்டினியாய் இருக்கும்போது தனக்கு இறங்காது என்றார். பீரங்கியைச் சுற்றித் தூரத்தில் கயிறு கட்டியிருந்தோம். அங்கிருந்து பீரங்கி வரைக்கும் நீளமாகத் திரி. கயிற்றுக்கு வெளியே நின்று பெரியவர் பற்றவைக்க வேண்டும். வெடிக்கும் வரை யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது.

சூரியன் இறங்கியது. பெரியவர் தன் கையால் பற்றவைத்தார். புகை சுருண்டு சுருண்டு போயிற்று. பீரங்கியை நெருங்கும் இடத்தில் சட்டென்று காணாமல் போயிற்று. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. எனக்குமே அணைந்துவிட்டது என்றுதான் பட்டது. பெரியவர் கையை உதறி, "கலாஸ்" என்றார். முடிந்துபோயிற்று என்று அர்த்தம். சொல்லிவிட்டு, கைத்தடியால் கயிற்றைத் தூக்கி, குனிந்து உள்ளே போய்விட்டார். தகப்பனைத் தடுக்க மகனுக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததே இல்லை. பெரியவருக்கு முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "மாஃபி ரோ, பாபா! மாஃபி கலாஸ்! அந்தர் ஆக் ஹை!" போகாதே, முடியவில்லை, உள்ளே நெருப்பு இருக்கிறது. தெரிந்த அரபியையும் இந்தியையும் சேர்த்துக் கொட்டினார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. தடியால் அவர் நெஞ்சில் ஒரு தள்ளு தள்ளினார். கயிற்றுக்கு வெளியே இருந்து அர்பாப் கத்தினார். அண்ணாச்சி என்னைப் பார்த்து அலறினார்: "வேய், திரி நமத்துப்போச்சுன்னு சொல்லும்வே! நமத்துப்போச்சுக்கு அரபில என்னவே?"

என்னவென்று சொல்வேன்? தீபாவளிக்கு வெடி போட்ட எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சொல் தெரியும். நமத்துப்போனது அணைந்ததும் இல்லை, எரிவதும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் முடிவை மாற்றிக்கொள்ளும். அத்தனை வருஷம் அரபியோடு மல்லுக்கட்டிய எனக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "பாரூத்... மாய்..." என்று மருந்தையும் தண்ணீரையும் சொல்லி உளறினேன். அதற்குமேல் அண்ணாச்சி காத்திருக்கவில்லை. பெரியவரை இடுப்போடு சேர்த்துக் கட்டித் தூக்கி, பீரங்கிக்குத் தன் முதுகைக் காட்டத் திரும்பினார். முதலாளியின் தகப்பனாரை ஒரு வேலைக்காரன் அப்படித் தூக்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. விசாவும் போச்சு, வேலையும் போச்சு என்று நான் நினைத்த நொடியில் பீரங்கி வெடித்தது.

ஈச்ச மரத்துப் பறவைகள் அத்தனையும் ஒன்றாக எழுந்தன. புகை விலகியபோது இருவரும் அப்படியே நின்றிருந்தார்கள். பீரங்கியின் வாய்க்கு முன்னால், பெரியவர் எட்டிக் குனிந்து பார்க்கவிருந்த இடத்தில் மணல் கருகியிருந்தது. அர்பாப் ஓடி வந்து தகப்பனாரின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். 

பெரியவர் அண்ணாச்சியின் கையை விடாமல் பாயில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் பேரீச்சம்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அண்ணாச்சி அதை வாயில் வைக்கவில்லை. பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அர்பாபின் முகத்தைப் பார்த்து, "மாய் நான் போட்டது" என்று தண்ணீர் தெளிப்பதுபோலக் கையாட்டிச் சொன்னார். அதற்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது. குடும்பம் வந்து உட்காரும் முன்னால் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து பீரங்கியைச் சுற்றித் தெளித்திருக்கிறார். தூசி அடங்க என்று அர்பாபிடம் சொன்னார். என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், "நல்ல காரியம்னா வாசல் தெளிக்காண்டாமாவே? கை தன்னால போயிட்டு" என்றார். திரி போகும் மணல் நனைந்திருந்தது. புகை மறைந்த இடம் தான் தெளித்த இடம் என்று கண்டதும்தான் ஓடியிருக்கிறார்.

நான் உள்ளுக்குள், "வாயை மூடும் மனுஷா, யாரும் கேட்கவில்லையே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அர்பாபின் முகம் இறுகியது. மகன் மொழிபெயர்த்ததைப் பெரியவர் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டார். அண்ணாச்சியின் கையில் இருந்த பழத்தைப் பிடுங்கி, தானே அவர் வாயில் திணித்தார். "புக்ரா மாஃபி மாய். இன்தா தால்" என்றார். நாளைக்குத் தண்ணீர் வேண்டாம், நீ வா. அண்ணாச்சி பழத்தை மென்றுகொண்டே அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த ரமலான் முழுக்கக் கயிறு அண்ணாச்சியின் கையில்தான் இருந்தது. வெடித்த பிறகும் புகை முழுவதும் அடங்கும் வரை அவர் கலாஸ் சொல்ல மாட்டார். அவர் சொல்லாமல் பெரியவரும் அசைய மாட்டார். பாதி திரும்பும்போதே வெடித்ததில், பீரங்கிப் பக்கமாக இருந்த வலது காது அவருக்கு அன்றிலிருந்து மந்தம்தான். "உம்ம பேச்சுல பாதியில இருந்து தப்பிச்சேன்" என்று அதையும் கேலியாக்கினார்.

இப்போது பெரியவர் இல்லை. அண்ணாச்சி விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். இந்த ரமலானில் அர்பாப் பற்றவைக்க வந்தார். நம் ஊரில் இருந்து புதிதாக வந்த டிரைவர் ஒரு வாளியோடு பீரங்கிப் பக்கம் போவதைப் பார்த்தேன். "ஏய், தெளிக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் வாளி அவன் காலிலேயே கவிழ்ந்தது. நல்லவேளை, கயிற்றுக்கு வெளியேதான் நின்றிருந்தான்.

வெடிக்கும் முன் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, அதைப் பீரங்கிப் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். திரி ஓடியது, பீரங்கி முழங்கியது.

"கேட்டுச்சா அண்ணாச்சி? கலாஸ்!"

"இடது காதுலதாம்வே வச்சிருக்கேன், நல்லாக் கேட்டுச்சு" என்றார். "கலாஸ நீரு சொல்லாதேயும். புகை அடங்கிட்டா, அதப் பாத்துச் சொல்லும் மொதல்ல."

போனைக் காதில் வைத்தபடியே கயிற்றருகில் நின்று பீரங்கியைப் பார்த்தேன். வாயில் இன்னும் கொஞ்சம் புகை இருந்தது. அர்பாபும் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.