'வா' என்றால் பயம்

“காலையில என்ன சாப்பிட்டீங்க?”

சாவியை நீட்டுவதற்கு முன்னால் மாஸ்டர் கேட்கும் கேள்வி இதுதான். ரொட்டி என்றேன். “வயிறு எப்படி இருக்கு? புளிச்ச ஏப்பம் ஏதாவது?” இல்லை என்றேன். என் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுநர் இருக்கையில் உட்கார விட்டார். கார் ஓட்டப் பழக வந்தேனா, வயிற்றுவலிக்கு மருந்து வாங்க வந்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆள் ஐம்பதைத் தாண்டியவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு, அதற்கேற்ற மீசை. ஒரு காலத்தில் பிரேக் போன லாரியை மலைப்பாதையில் பாதுகாப்பாக இறக்கியவர். வெறிநாய்க்கும் அஞ்சமாட்டார், போலீசுக்கும் அஞ்சமாட்டார். அஞ்சுவதெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான்: யாராவது வாந்தி எடுத்துவிடுவார்களோ என்று. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வராது. “வா சமாச்சாரம்” என்பார். “இவர வான்னு கூப்பிட்டாலே ஓடிருவாரு” என்பது அவர் மனைவியின் கணிப்பு.

கொட்டாவி விட நான் வாயைப் பொத்தினால் போதும், தன் பக்கம் இருக்கும் பிரேக்கை மாஸ்டர் மிதித்துவிடுவார். “ஒண்ணுமில்லையே மேடம்? தூக்கம்தானே?” பழகுபவர்கள் வைத்த பெயர் பிரேக் மாஸ்டர். வீட்டில் பால் பாக்கெட்டை வெட்டியதும் முதலில் மோந்து பார்ப்பவர் அவர்தான். விருந்துக்குப் போனால் வாசலை ஒட்டிய நாற்காலி. கேக்கைத் தின்றுவிட்டுக் குதிக்கும் குழந்தைகளை, திரி பற்றிக்கொண்ட வெடியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அவருக்கே வாந்தி வந்தது கல்யாணத்துக்கு முன்னால் எப்போதோ. அது இன்னொரு தடவை வந்துவிடக்கூடாதே என்றுதான் இத்தனை காவல்.

ஏன் இந்தப் பயம் என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது: முட்டை. சின்ன வயதில் பஸ் பயணம், கெட்டுப்போன முட்டை, அப்புறம் அந்தச் சமாச்சாரம். அன்றிலிருந்து முட்டை இருக்கும் தட்டைத் தொட்டதில்லை.

போன மாதம் மகள் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மசக்கை. கண் விழித்ததும் குளியலறைக்கு ஓடுவாள். அவள் ஓடும் சத்தம் கேட்டதும் மாஸ்டர் எதிர்த்திசையில் ஓடுவார். தெருவில் நிற்கும் காருக்குள் புகுந்து, கண்ணாடிகளை ஏற்றி, ரேடியோவை அலறவிட்டுக் காதையும் பொத்திக்கொள்வார். “பொண்ணு குடலப் புடுங்கிப் போட்டுக்கிட்டிருக்கா. இவரு கார்ல பாட்டுக் கச்சேரி நடத்துறாரு” என்று மனைவி தெருவுக்கே கேட்கச் சொல்வார். மகள் ஒரு நாள் கார்க் கண்ணாடியைத் தட்டிக் கேட்டாளாம்: “அப்பா, என்னைப் பார்த்தா உங்களுக்கு அருவருப்பா இருக்கா?”

இதை என்னிடம் சொன்னபோது மாஸ்டர் சாலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ மேல எனக்கு என்ன மேடம் அருவருப்பு? என் உடம்புதான் எந்திரிச்சு ஓடுது. நான் அது பின்னாடியே போறேன்.”

மகளைப் பார்க்க அவருடைய அக்கா வந்தார். சமையலறையில் முட்டையை உடைக்கப்போனவரை மாஸ்டர் தடுத்து, பழைய பஸ் கதையை எடுத்துவிட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

“முட்டை மேல ஏண்டா பழியப் போடுற? அன்னிக்கு வாந்தி எடுத்தது நீ இல்லடா, நான். உன் மடியிலதான் எடுத்தேன். நீ ஜன்னல் பக்கம் மாட்டிக்கிட்டே, நகர முடியல. ஓன்னு கத்துனே. ஆம்பளப் பிள்ளை அழுவுறியான்னு அப்பா விட்டாரு பாரு ஒரு அறை! பஸ்ஸே சிரிச்சுது.”

மாஸ்டர் இதைத் தூக்கிக்கொண்டு ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனார். அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். மாஸ்டரின் மொழியில் அது இப்படி ஆயிற்று: “பயந்தா வயித்தப் பிசையுமாம். பிசைஞ்சா, ஐயோ வரப்போகுதுன்னு பயமாம். பயந்தா இன்னும் பிசையுமாம். ரவுண்டானாவுல வெளிய போற ரோடு தெரியாம சுத்திக்கிட்டே இருக்கேன் மேடம். ஓட ஓட பயம் வளருமாம். கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போய் நின்னு பழகணுமாம். அதுக்கு ஃபீஸ் வேற.”

மறுநாள் ஒரு ஆம்லெட் சாப்பிட்டார். “இத்தனை வருஷம் வீணாப்போச்சே” என்று அங்கலாய்த்தார். காரணம் தெரிந்துவிட்டதே, பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

“டேங்க்ல பெட்ரோல் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டா வண்டி ஓடிருமா மேடம்? தள்ளத்தானே வேணும்!”

நேற்று என் வகுப்பு. மகளை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போக வேண்டும் என்று மனைவி அவளை எங்கள் காரின் பின்சீட்டில் ஏற்றி, பெல்ட்டையும் மாட்டிவிட்டார். “பெத்த பொண்ணு. தின்னுட மாட்டா” என்று கதவைச் சாத்தினார். மகள் கடலைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மாஸ்டர் அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை.

நான் ஓட்டும் லட்சணம் ஊரறிந்தது. மேம்பாலம் ஏறும்போது கிளட்ச்சைச் சட்டென்று விட்டேன். கார் தவளைபோலத் துள்ளியது. மறுபடி துள்ளியது. பின்னாலிருந்து, “அப்பா…” என்று ஒரு குரல். அடுத்து ஓங்கரிப்பு.

பிரேக் விழுந்தது. மாஸ்டர் கதவைத் திறந்து பாய்ந்து இறங்கிவிட்டார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரனில் கெட்ட வார்த்தை பேசின. மனுஷன் பாலத்தைத் தாண்டி ஓடியிருப்பார், இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று கண்ணாடியில் பார்த்தேன்.

பின்கதவு திறந்திருந்தது. மகள் பெல்ட்டோடு போராடிக்கொண்டே குனிந்திருந்தாள். மாஸ்டர் ரோட்டில் மண்டியிட்டு, கண்களை இறுக மூடி, முகத்தை முடிந்தமட்டும் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் வாய்க்குக் கீழே இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்திக்கொண்டிருந்தார்.